செயலியோடு அழிந்த கடைக்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

புறக்கோட்டையில் பலசரக்குக் கடை நடத்தும் நான், கொப்பியைக் கைவிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஒரு கைத்தொலைபேசிச் செயலியில் கணக்கெழுதி வந்தேன். கடந்த மாதம் அதை நீக்கி மீண்டும் நிறுவியபோது ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஆண்ட்ராய்டில் செயலிக்குரிய உட்சேமிப்பகத்திலுள்ள கோப்புகள் செயலியோடு சேர்ந்தே அழியும் என்பதை அதை உருவாக்கியவர்கள் எச்சரித்திருக்க வேண்டும்.

முன்பு எடுத்துவைத்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) பிரதியைத் திறந்தால், 'மல்லி, 14500' என்ற வரி '?????, 14500' என்று நின்றது; தமிழை அறியாத குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையில், சேமித்ததால் எழுத்துகள் மீட்கவே முடியாதபடி போய்விட்டன. வெவ்வேறு கணினி அமைப்புகளுக்கிடையே ஜேசன் என்னும் வகைத் தரவுக் கோப்புகளைப் பரிமாறும்போது, தமிழ் எழுத்துகளையும் பதியக்கூடிய யூடிஎஃப்-8 குறியாக்கம் கட்டாயம் என்று 2017இலேயே வரையறுக்கப்பட்டிருக்க, கணக்குச் செயலிகளும் அதையே பின்பற்றி, நாம் விரும்பும் இடத்தில் பிரதியைச் சேமிக்கும் வசதியையும் தர வேண்டுகிறேன்.

வியாபாரி ஒருவர்,
கொழும்பு 11