எங்கள் கழனியில் இறங்கியவர்களுக்கு

ஒடுகத்தூர்ப் பக்கம், உத்திரகாவேரி ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரைக்கும் நடக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கினதில் இருந்து பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்த அன்று நான் சென்னையில் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். மேலண்டைக் கழனி அண்ணனும் அவர் மச்சானும் கயிற்றுக் கட்டிலைக் கிணற்றுக்குள் இறக்கி, இடுப்பு அசையாமல் அதில் கிடத்தி, நாலு பக்கமும் ஆள் பிடித்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். 108-க்குப் போன் போட்டதும் அந்த அண்ணன்தான். "தோள்ல தூக்காம கட்டில்ல கொண்டாந்தது நல்லதாப் போச்சு" என்று டாக்டர் சொன்னார். அண்ணா, அதை உங்களிடம் நேரில் சொல்ல வந்தேன். நீங்கள் பேச விடாமல் காபி குடிக்கச் சொன்னீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேலூரில் இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். ஆபரேஷன் முடிந்து கண் திறந்த நைனா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, "புதினா பூத்துடுமேம்மா."

புதினா போட்டவர்களுக்கு அந்தக் கவலை புரியும். தண்டு நட்டு ரெண்டு மாசத்தில் முதல் அறுப்பு. அதற்கப்புறம் முப்பத்தைந்து, நாற்பது நாளுக்கு ஒரு தரம் அறுத்தே ஆக வேண்டும். விட்டால் தண்டு முற்றும், அடி இலை பழுத்து உதிரும், நுனியில் பூ வந்துவிடும். அப்புறம் ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரர் ஒருத்தரும் தொட மாட்டார். நைனா விழுந்தபோது எங்கள் நாற்பது செண்டும் அறுப்புக்கு நாலு நாள் பாக்கியாக நின்றிருந்தது. அப்போது எனக்குக் கழனி ஞாபகமே இல்லை. போனால் போகட்டும் என்றுதான் மனசில் இருந்தது.

போகவிடவில்லை நீங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள் பெரியம்மா ஒரு நோட்டுத் தாளும் ஒரு மஞ்சள் பையும் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். தாளில் அவர் பேத்தியின் கையெழுத்து. அஞ்சு நாள் அறுப்பு, 2,640 கட்டு. ஒவ்வொரு நாளைக்கும் நேதாஜி மார்க்கெட்டில் என்ன விலை போச்சு, பஸ்ஸுக்கு லக்கேஜ் எவ்வளவு, மண்டிக் கமிஷன் எவ்வளவு, கட்டுக்கு வாங்கிய வாழைநார் எவ்வளவு, எல்லாம் வரி வரியாக இருந்தது. கூலி என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே மட்டும் ஒரு கோடு. எட்டுப் பேர், அஞ்சு நாள், விடியக்காலை மூணு மணியில் இருந்து. ஒரு கோடு.

நான் பர்ஸைத் திறந்தேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க நைனா எங்க கழனிக்கு எத்தினி ராத்திரி மடை திருப்பினாரு, அதுக்கு நாங்க காசா குடுத்தோம்? இது மாத்தாளு, வேலைக்குப் பதில் வேலை. உனக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை பெரியம்மா. ஆனால் அந்தக் கணக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நான் பிறந்தது 1988-இல், இது வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது. மறுவருஷம் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆயா மட்டும் சாகிறவரைக்கும் "வடாற்காடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் நெல் வைத்திருந்தவர்கள் குறைவு. கிணற்றில் இருக்கிற தண்ணிக்கு ஏற்றாற்போலப் புதினா, கொத்தமல்லி, கொஞ்சம் சிறுகீரை, வரப்போரம் கறிவேப்பிலை. சின்னப் பாத்தி, நிறையக் கைவேலை. அதனால் பிள்ளைகளுக்கும் வேலை இருந்துகொண்டே இருந்தது.

கொத்தமல்லி விதையை முழுசாகப் போட்டால் சரியாக முளைக்காது, ரெண்டாக உடைக்க வேண்டும். அழுத்தினால் மாவாகிவிடும், லேசாகத் தேய்த்தால் உடையாது. செங்கல்லை எந்த அளவுக்கு அழுத்த வேண்டும் என்று என் கைமேல் தன் கையை வைத்துக் காட்டியது தெற்குத் தெரு தாத்தா. அறுத்த புதினாவை வாடாமல் இருக்கத் தண்ணி தெளிப்போம். அளவுக்கு மிஞ்சித் தெளித்துக் கோணியில் இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறிக் கருத்துவிடும். அப்படி ஒரு மூட்டையை என் பத்தாவது வயசில் நான் பாழாக்கினேன். மண்டிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். நைனா திட்டவில்லை, ஆனால் ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் மண்டிக்காரரே பஸ்ஸில் வெறும் கோணியோடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார்: ஈரக்கோணியை மேலே போர்த்துங்கள், உள்ளே தண்ணி வேண்டாம். வியாபாரி ஒருத்தர் இப்படிச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அவர் இப்போது இல்லை. அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஜவ்வாது மலையில் இருந்து இறங்கி வரும் ஒரு அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் களையாக முளைக்கும் கீழாநெல்லியைப் பிடுங்கி நிழலில் உலர்த்தி விற்கலாம் என்று பிள்ளைகள் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அவர்தான். இலைக்கு அடியில் காய் தொங்குகிறதா என்று திருப்பிப் பார், தண்டு சிவப்பாக இருந்தால் அது வேறே, சேர்க்காதே என்பார். அந்தக் காசில்தான் எட்டாம் வகுப்பு நோட்டுகள் வாங்கினேன். அவர் ஊர் மலைமேலே என்று தெரியும், எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இதை யாராவது மலையில் படித்தால், அந்த அம்மாவிடம் புதினாக்காரர் பொண்ணு விசாரித்தாள் என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என் விரல்கள் எப்போதும் கருப்பாக இருக்கும். புதினாச் சாறு சோப்புக்குப் போகாது. ஒரு நாள் அறிவியல் டீச்சர் என்னை எழுப்பினார். கையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று பின்னால் மறைத்துக்கொண்டேன். "தண்டுல இருந்து செடி எப்படி வருதுன்னு நீ சொல்லு, உனக்குத்தான் தெரியும்" என்றார். நான் சொன்னேன். எந்தக் கணுவை மண்ணுக்குள் வைக்க வேண்டும், எத்தனை நாளில் வேர் பிடிக்கும் என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். அறுப்பு நாட்களில் முதல் பீரியடுக்கு நான் வராததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாடத்தை எனக்குத் தனியாக நடத்துவார். டீச்சர், உங்கள் சாப்பாட்டு நேரம் அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நாலரை மணி பஸ் கண்டக்டர்களுக்கும் நன்றி. யார் யார் என்று பெயர் தெரியாது. மூட்டை ஏறுகிறவரைக்கும் விசில் கொடுக்காமல் நின்றவர்கள் எல்லாருக்கும்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

மற்றவர்கள் கழனியிலும் நாங்கள் கட்டுக் கட்டப் போவோம். நூறு கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அவரவர் குவியலை அவரவர் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், கழனிக்காரர் எண்ணிக் காசு தருவார். முன்னூறு கட்டு முடித்தால் வீட்டுக்கு ஓடிக் குளித்து, கூழ் குடித்து, பள்ளிக்கூடத்துக்குப் போக நேரம் சரியாக இருக்கும். பத்தாம் வகுப்பு முழுக்க நான் எட்டு மணிக்குள் முன்னூறு முடித்தேன். எனக்குக் கை வேகம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சென்னைக்கு வந்த பிறகும் வேலை இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னது. என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிய கிழக்குத் தெரு அத்தை, நான் நார் எடுக்கத் திரும்பும்போதெல்லாம் தன் கட்டுகளை என் குவியலில் தள்ளிவிடுவாராம். தினமும் முப்பது கட்டு. அம்மா பார்த்துக் கேட்டதற்கு, "பொண்ணு படிக்கட்டும், அதுங்கிட்ட சொல்லிடாத" என்றாராம். அந்த முப்பதும் அத்தையின் கூலியில் குறைந்தது. அவர் வீட்டில் அப்போது மூன்று பிள்ளைகள், மாமாவுக்குக் கண் சரியில்லை. அவர் பெரிய மகளும் என்னோடு பத்தாவதுதான் படித்தாள், பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்குத் தள்ளிவிட அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

அத்தை, அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீங்கள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தீர்கள். நைனாவைப் பற்றி விசாரித்தீர்கள், நான் பதில் சொன்னேன், அதைத் தவிர என்னால் வேறு ஒன்றும் பேச முடியவில்லை. எங்கள் புதினாவை அறுத்த அந்த எட்டுப் பேரில் நீங்களும் ஒருத்தர் என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்த வயசில், முட்டிவலியோடு.

2021 நவம்பர் வெள்ளத்தில் ஆறு கரைமீறி உங்கள் கொத்தமல்லிப் பாத்தியை அடித்துக்கொண்டு போனபோது நான் போனில் விசாரித்ததோடு நின்றுவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

காசு வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் தை மாசம் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியம்மா கழனியில் ரெண்டாம் வாரம் அறுப்பு, அதற்கடுத்து அத்தையுடையது என்று நைனா திண்ணையில் உட்கார்ந்தே நாள் எண்ணிச் சொல்லிவிட்டார். என் அறுவாள் பரண்மேல் துருப்பிடித்துக் கிடந்தது. நேற்றுதான் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கி வந்தேன். கை வேகம் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை, நீங்கள் பழையபடி என் பக்கத்தில் உட்காருங்கள். நார் எடுக்க நீங்கள் திரும்பும்போது உங்கள் குவியல் கொஞ்சம் உயரும். எண்ணிப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
புதினாக்காரர் வீட்டுப் பெரிய பொண்ணு