150 குதிரையே போதும்

குளச்சல்,
பிப்ரவரி 18

அன்புள்ள நண்பா,

ஷார்ஜாவில் 200 குதிரைத்திறன் இஞ்சின் ஒன்று மலிவாகக் கிடக்கிறது, நான் பழுது பார்த்த படகுக்கு வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போனில் காரணம் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

முதலில் வீட்டுச் செய்தி. போன ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அம்மையைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. "அவன் பணம் அனுப்புகிறான், முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான்" என்றார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? திங்கள்நகர்க்காரன் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ரப்பர் தோட்டத்தில் போய் இருந்துகொண்டான். ஒக்கிப் புயலில் அவன் மைத்துனனைக் கடல் கொண்டுபோனது உனக்குத் தெரியும். 2017க்குப் பிறகு அவன் கடற்கரைப் பக்கமே வருவதில்லை. படகைப் பார்க்க வா என்று நானும் அவனைக் கூப்பிடவில்லை.

இனி படகு. நீ புகைப்படத்தில் பார்த்தது பெயின்ட் அடித்த பிறகு எடுத்தது. கோவளம் பக்கம் ஒரு விடுதிக்காரர் அதைத் தென்னந்தோப்பில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். தார்ப்பாய்க்குள் தவளையும் தேங்காய் மட்டையும் குடியிருந்தன. பதினேழு அடி நீளம், வி வடிவ அடிப்பாகம், பின்னால் தொங்கும் இஞ்சின் கறுப்பு மெர்க்குரி. 1976இல் 175 குதிரைத்திறனோடு வெளிவந்த வி6 'பிளாக் மேக்ஸ்' குடும்பத்தில் 150 குதிரைத்திறன் கொண்ட தம்பி. இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். வளைகுடாவுக்குப் போன புதிதில் நாம் இருவரும் இதன் குடலைக் கழற்றி மாட்டியவர்கள்தானே, உனக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லோரும் இஞ்சினைத்தான் சுற்றி வந்தார்கள். நான் முட்டத்திலிருந்து ஒரு மூத்த மேஸ்திரியை அழைத்து வந்தேன். 1980களில் அங்கே ப்ளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கிய காலத்தில் கை பழகியவர். அவர் இஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறு சுத்தியலை எடுத்து, அமரத்தில் இஞ்சின் தொங்கும் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே 'டக் டக்' என்ற சத்தம், போல்ட் துளைகளுக்குக் கீழே வந்ததும் மொத்தையாக மாறியது. "உள்ளே பலகை இல்லை, சேறு இருக்கிறது" என்றார். துளை போட்டுப் பார்த்தால் பழுப்பு நீர் வடிந்தது. வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும், நடுவில் இருக்கும் ப்ளைவுட் போல்ட் துளை வழியாக நீர் குடித்து மக்கிப்போயிருக்கும். அதில் ஏறத்தாழ 140 கிலோ இஞ்சினைத் தொங்கவிட்டு முழு வேகத்தில் போனால் என்ன ஆகும்? அதே பலகையில் இன்னும் கூடுதல் திறனை மாட்டச் சொல்கிறாய் நீ.

வேலையை ஜூனில் தொடங்க நினைத்தேன், நடக்கவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடலில் விசைப்படகுத் தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் படகெல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும் காலம், ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைக்காது. சின்னமுட்டத்துக்காரர்களுக்கோ கிழக்குக் கடல் தடை, ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டிலும் ஆள் இல்லை. ஆள் கிடைத்திருந்தாலும் ஆனி, ஆடி ஈரத்தில் ரெசின் ஒழுங்காக இறுகியிருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் வெயில் கண்டதும் உள்பக்கத் தோலை அறுத்து, மக்கிய பலகையைச் சுரண்டி எடுத்தோம். புதிதாக ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் இரண்டு அடுக்கு. எபாக்ஸி ரெசின் வைத்தே முழுவதும் செய்துவிடலாம் என்று நான் சொன்னபோது மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டறையில் கிடந்தது சாதாரண கண்ணாடி இழை மேட். அதில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்களில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் வெள்ளை வெள்ளையாக நிற்கும். இந்த வேதியியல் அவருக்குத் தெரியாது, "அந்த ரெசினை இந்த மேட் குடிக்காது" என்பது தெரியும். வினைல் எஸ்டருக்கு மாறினோம். ரெசினில் இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் கலந்து முடித்து, பிறகுதான் ஹார்டனர் பாட்டிலைத் தொடுவார். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறைப் பையன்கள் பீடி பிடித்துக்கொண்டே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

தரைப்பலகையைத் தூக்கினோம். மிதப்புக்காக ஊற்றியிருந்த நுரை, கடற்பஞ்சு போல நீரை நிறைத்து வைத்திருந்தது. வெட்டி எடுத்துத் தராசில் போட்ட மேஸ்திரி எனக்கு எடையைச் சொல்லவே இல்லை, சிரித்தார். ஒரு ஆளைக் கூடவே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் இத்தனை வருடமும்.

இஞ்சினுக்கு வருகிறேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் பார்த்தபோது ஐந்து சிலிண்டர் 115 பி.எஸ்.ஐ. பக்கத்தில் நின்றன, ஒன்று மட்டும் 80. அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஜெட்டில் பச்சைப் பிசின். பழைய பெட்ரோல் காய்ந்து துளையை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறைய, அதோடு வரும் ஆயிலும் குறைய, பிஸ்டன் சூடேறிச் சுவரில் உரசிவிட்டது. நீ அனுப்பிய பெரிய அளவுப் பிஸ்டன் அதற்குத்தான் போனது. நாகர்கோவில் லேத் பட்டறையில் அந்த ஒரு சிலிண்டரை 0.38 மில்லிமீட்டர் பெருக்கிக் கொடுத்தார்கள், வேலை சுத்தம். குளிர்நீர் பம்பின் இம்பெல்லர் கதை வேறு. ஆன்லைனில் வாங்கிய இடத்தில் வேறு மாடலுக்கானதை அனுப்பிவிட்டு, அதுவே சரி என்று சாதித்தார்கள்.

உப்பில் இறுகிய போல்ட்களைப் பற்றி எழுதினால் கடிதம் கெட்ட வார்த்தையாக முடியும். சூடு காட்டி, மெழுகு உருக்கிவிட்டு, ஆறவிட்டு, மறுபடி சூடு. அவசரப்பட்டவன் கையில் போல்ட் தலை மட்டும்தான் வரும்.

இப்போது இங்கே பம்புகளில் ஊற்றுவது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். உனக்கு அங்கே இந்தத் தலைவலி இல்லை. சுத்தமான பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்கு 13.5 பங்குதான். பழைய ஜெட்டையே வைத்து ஓட்டினால் இஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது. முன்பு பிஸ்டனைத் தின்ற அதே நோய் திரும்பி வரும். அதனால் பிரதான ஜெட்களை ஒரு படி பெரிதாக்கினேன், பழைய ரப்பர் ஹோஸ்களை எல்லாம் தூக்கிப் போட்டேன். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நீர் அளவு மீறினால் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன். ஆயில் 50க்கு 1, படகு டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான டி.சி.-டபிள்யூ.3 மட்டும். பைக் ஆயில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

தூத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் பையன் ஒருவன், "அண்ணாச்சி, இதை மண்ணெண்ணெயில் ஓட்டினால் செலவு பாதிதானே" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். நம் வள்ளக்காரர்கள் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியே வளர்ந்தவர்கள். அந்த இஞ்சின்கள் அதற்கென்றே கம்ப்ரஷன் குறைத்துச் செய்தவை என்று விளக்கினேன். இதில் ஊற்றினால் நெருப்பு நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். புரிந்துகொண்டான். கெட்டிக்காரன். உன் பட்டறையில் இடம் இருந்தால் சொல்.

இனிதான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஜனவரியில் முதல் ஓட்டம். வாடைக்காற்றுக் காலத்தில் விடியற்காலை குளச்சல் கடல் குளம் மாதிரி கிடக்கும், உனக்கே தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் சொல்லிவிட்டுத்தான் இறக்கினேன். இப்படிச் சத்தம் போடும் படகை அவர்கள் சும்மா விட மாட்டார்கள். 21 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அலுமினிய புரொப்பல்லர், 5200 சுற்று, ஜி.பி.எஸ்.ஸில் மணிக்கு 73 கிலோமீட்டர். கியர்ப் பற்களை எண்ணியிருந்தேன், 15க்கு 28; இஞ்சின் 28 சுற்றினால் புரொப்பல்லர் 15 சுற்றும். அந்தக் கணக்கில் வழுக்கலே இல்லாவிட்டால் 89 வர வேண்டும். 18 சதவிகிதம் தண்ணீரில் வழுக்கி வீணாகிறது. முன்பக்கமான அணியமும் தூக்கவில்லை, மூக்கால் உழுதுகொண்டு போனது.

நீயாக இருந்தால் அன்றே பெரிய இஞ்சின் தேடியிருப்பாய். நான் படகைக் கவிழ்த்துப் போட்டு, நீளமான அலுமினியச் சட்டத்தை அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்தேன். பின்முனையிலிருந்து நான்கடிக்குள் சட்டத்துக்கும் அடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வருடக்கணக்கில் தவறான தாங்கிக் கட்டையில் கிடந்து அடிப்பாகம் உள்வாங்கிவிட்டது; அதனால் பின்முனை கொக்கி மாதிரி கீழ்நோக்கி நின்றது. அந்தக் கொக்கியில் மோதும் நீர் அமரத்தைத் தூக்கும், அணியத்தை அமுக்கும். மேஸ்திரி குழியை நிரப்பி, சட்டம் பொருந்தும்வரை தேய்த்து, பின்முனை விளிம்பைக் கூராக்கினார். உருண்ட விளிம்பை நீர் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், கூரான விளிம்பில் அறுந்து விலகும்.

பிறகு இஞ்சின் உயரம். பழைய சொந்தக்காரர் பயந்து மிகவும் தாழ்த்தி மாட்டியிருந்தார். கியர்ப் பெட்டி முழுவதும் நீருக்குள் இழுபட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் கேவிட்டேஷன் பிளேட் அடிப்பாகத்தின் மட்டத்தைத் தாண்டி ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி வைத்தேன். உயர்த்த உயர்த்தக் குளிர்நீர் உறிஞ்சும் துளைகளும் மேலே வரும். அதனால் கண் எப்போதும் தண்ணீர் அழுத்தக் கடிகாரத்தில். அந்த உயரத்தில் அலுமினியப் புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றியது. உன்னிடமிருந்து வந்த 23 அங்குல ஸ்டீலை மாட்டினேன். ஓரம் மடித்த இலை நீரை விடாமல் பிடிக்கிறது. 5400 சுற்றில் 90 கிலோமீட்டர். வழுக்கல் 11 சதவிகிதம்.

இப்போது உன் 200ஐ இந்தக் கணக்கில் போடு. படகின் வேகத்தைக் கணிக்கும் க்ரவுச் சூத்திரப்படி, எடை மாறாதபோது வேகம் திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். 150ஐ 200 ஆக்கினால் 15 சதவிகிதம் கூடும், அவ்வளவே. அதாவது 73 என்பது 84 ஆகியிருக்கும். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்து, மூக்கால் உழுதுகொண்டேதான் அந்த 84ஐத் தொட்டிருக்கும். ரெசினும் உப்புத்தாளும் சில போல்ட் துளைகளும் சேர்ந்து 90 கொடுத்தன.

இன்னும் போகும், ஆனால் நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். 85ஐத் தாண்டினால் படகு வி முனையில் நின்று இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. ஸ்டீரிங் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறது; நான் திருத்துவதற்குள் படகு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது, என் திருத்தமே அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளுகிறது. த்ராட்டிலைச் சிறிது தளர்த்தினால் அடங்கிவிடும். ஆள் விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை இடுப்பில் கட்டாமல் யாரையும் ஏற்றுவதில்லை, உன் மைனியையும் சேர்த்துத்தான். அவள் ஒருமுறை வந்தாள், முட்டம் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் திருப்பச் சொல்லிவிட்டாள். தேங்காப்பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு வா என்று அந்தப் பக்கத்துப் பையன்கள் கேட்கிறார்கள். அந்த முகத்துவாரத்து மணல்திட்டில் எத்தனை வள்ளங்கள் கவிழ்ந்தன என்று அவர்களுக்கே தெரியும். நான் போகப் போவதில்லை.

ஆகவே அந்த இஞ்சின் பணத்தில் கால் பங்கைக்கூட நீ செலவழிக்க வேண்டாம். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று அம்மையிடம் சொல்லியிருக்கிறாயாம். வரும்போது இரட்டைக் கேபிள் ஸ்டீரிங் செட் ஒன்று கொண்டுவா. இரண்டு கேபிளும் எதிரெதிராக இழுத்து நின்றால் தளர்ச்சி போய்விடும். கேபிள் நீளம் 14 அடி, அளந்துவிட்டேன். 15 அடிதான் இருக்கிறது என்று கடைக்காரன் சொன்னால் வாங்காதே; வளைவு கூடி இறுகிப்போகும். பழக்கமானவர்களிடம் நான்கு இலை ஸ்டீல் புரொப்பல்லர் ஒன்று இரவலாகக் கிடைத்தால் அதையும் எடுத்து வா, மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடலாம். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

உன்,
பழைய பட்டறைக் கூட்டாளி