டைரிகளைப் பேப்பர்காரரிடம் போட வேண்டாம்

நகோயா, ஜப்பான்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

அம்மாவின் கடிதம் பொங்கலுக்கே வந்துவிட்டது. பதில் எழுதாமல் நாள் கடத்தியது மனத்தை அரிக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இபுகி மலையிலிருந்து இறங்கும் காற்றுதான் காதை அறுக்கிறது. இந்த ஊர் அரிசி குழைந்து ஒட்டும். ரசத்துக்குச் சேராது, தயிருக்குச் சேரும்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் பஸ் நிறுத்தத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்று, பஸ் வந்த நேரத்தையும் ஏறிய தலைகளையும் குறித்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். இந்த ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகியாமாவின் குழு 2008-ல் வெளியிட்ட சோதனையை அவர்தான் சொன்னார். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்கள். சிக்னலும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒருவர் சற்றே வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிட அழுத்திப் பிரேக் பிடிக்க, அது வளர்ந்து கார்கள் நின்றேவிட்டன. கார்கள் முன்னே போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகர்ந்ததாம்! மினி பஸ் ஓட்டும் தம்பியிடம் சொல்லுங்கள். கும்பகோணத்தில் மாட்டிக்கொள்ளும்போது முன்னால் இருப்பவரைத் திட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொன்னார். கியோட்டோவில் செர்ரி பூத்த நாள் 812-ஆம் ஆண்டிலிருந்தே, இடைவெளிகளோடு, தெரியுமாம். அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து அஒனோ என்ற பேராசிரியர் திரட்டியது. 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே பூத்துக் குலுங்கிவிட்டது. அதுவரை கிடைத்த குறிப்புகளில் அவ்வளவு முன்னதாக ஒருபோதும் இல்லை.

“உங்கள் வீட்டில் யாராவது இப்படி எழுதுவார்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அப்பாவின் டைரியைச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நாற்று விட்ட நாள், கொல்லை மா பூத்த நாள். மனிதர் எழுந்து நின்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். தை பிறந்தால் பூவாசம் கிணற்றடி வரை வரும் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இந்த வருஷம் பூத்துவிட்டதா அம்மா? தத்துப்பூச்சி விழுந்ததா?

அப்பா, அந்த டைரிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரண் ஒழுகும், பீரோவில் வையுங்கள்.

செல்வியின் நகையை மாசியில் மீட்பதாக பாங்கில் சொல்ல வேண்டாம், பங்குனி என்று சொல்லுங்கள். சம்பளத்துக்குக் குறைவில்லை, பணம் வந்து சேரத்தான் கொஞ்சம் தள்ளும். கூட்டுப் பட்டாவைப் பிரிக்கச் சித்தப்பா சம்மதித்தது நல்லது. சர்வேயர் வரும் அன்று மாமாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மாமா படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்பு மகன்,
முருகேசன்