தறிக்குழியை இப்ப மூட வேணாம்ப்பா

ஹட்டர்ஸ்ஃபீல்ட்
இங்கிலாந்து
பிப்ரவரி, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்க நாங்க நல்லா இருக்கோம். நீங்க எழுதின லெட்டரை தம்பி போட்டோ எடுத்து அனுப்பி 19 நாள் ஆச்சு. தெனம் எடுத்துப் பாக்குறேன், பதில் போடணும்னு உக்காருவேன், அதுக்குள்ள அடுப்புல சாயம் கொதிக்க ஆரம்பிச்சிடும். சாக்குதான், எனக்கே தெரியும். பொங்கலன்னைக்குப் பேசினது கூட 4 நிமிஷம். "உனக்கு எங்க ஞாபகமே இல்ல"ன்னு கடைசியில ஒரு வரி இருக்கே, அது அம்மா சொல்லி நீங்க எழுதினது, எழுத்து அந்த இடத்துல மட்டும் சாஞ்சு போயிருக்கு. அதான் இன்னைக்கு தறி மேல துணியப் போட்டு மூடிட்டு உக்காந்துட்டேன். தம்பி, நீ ஒரே மூச்சுல படிக்காத, நிறுத்தி நிறுத்திப் படிச்சுக் காட்டு.

முதல்ல அம்மா கேட்டது. குளிர் இருக்கு, ஆனா பயப்படுற அளவுக்கு இல்ல. பனி எப்பவாவதுதான், மத்தபடி மழை, நம்ம ஐப்பசி மழை மாதிரி கொட்டிட்டு ஓயுறது இல்ல, தூறிக்கிட்டே நாலு நாள் நிக்கும். ஹீட்டர் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் போடுறோம். ரூம் ரொம்ப காஞ்சா கம்பளி நூல் சிலுத்துக்கிட்டு, தறியில நீளவாக்குல கட்டின பாவு நூல் அறுந்துடும், அதனால தறி இருக்குற ரூமுக்கு சூடு ஆகாது. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்குறேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல.

அப்பா கேட்டது, "அங்க நீ என்னதான் நெய்யுற, புடவையா போர்வையா?" ரெண்டும் இல்லப்பா. எப்படி சொல்றதுன்னு மூணு நாளா யோசிச்சேன். சுவத்துல மாட்டுறது. கட்டவும் முடியாது, போத்திக்கவும் முடியாது. நீங்க சிரிப்பீங்க, மாட்டி வச்சு பாக்குறதுக்கா இவ்ளோ பாடுன்னு. ஆனா பாடு அதே பாடுதான். மாடியில பின்பக்க ரூமுல ஜன்னல் ஓரமா 24 இஞ்ச் தறி, மேஜை மேல வைக்கிற சைஸ், கால தொங்கப் போட்டு உக்கார குழி கிடையாது, மிதி கிடையாது, பாவு இழைய தூக்குற விழுதை எல்லாம் கையாலதான் தூக்கி இறக்கணும். முதல் மாசம் என் கால் பாட்டுக்கு கீழ மிதிய தேடிச்சு. காலையில வெளிச்சம் வந்ததும் உக்காந்தா மத்தியானம் வரைக்கும்தான் நெசவு, டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், இப்ப பரவால்ல அஞ்சு மணி வரைக்கும் தாங்குது. லைட்டு போட்டு நெஞ்சா கலர் ஏமாத்தும்னு நீங்கதான சொல்வீங்க. இந்த ஊர் பக்கம் பழைய நெசவாளிங்க வீடு இன்னமும் நிக்குதுப்பா, கல்லு வீடு, மேல்மாடியில மட்டும் பத்து ஜன்னல் வரிசையா, தறிக்கு வெளிச்சம் வேணும்னு அப்படி கட்டினதாம். கோல்கார்னு பக்கத்து ஊர்ல அந்த மாதிரி வீட்டையே மியூசியம் ஆக்கி வச்சிருக்காங்க. உள்ள தறிய பாத்தப்போ உங்கள கூட்டிட்டு வந்திருக்கணும்னு இருந்துச்சு.

உங்களுக்குப் பிடிக்கிற கதை ஒண்ணு சொல்றேன். 1812ல இந்த பக்கத்துல துணிக்கு முடி வெட்டி மழமழன்னு ஆக்குற ஆளுங்க, மெஷின் வந்து வேலை போச்சேன்னு ராத்திரியில மில்லுக்குள்ள பூந்து மெஷினை உடைச்சிருக்காங்க. மெஷின் செஞ்சு குடுத்தவர் மார்ஸ்டன் ஊர் கொல்லர், ஈனாக் டெய்லர்னு பேரு, இவங்க உடைக்கத் தூக்கின சம்மட்டியும் அவர் பட்டறையில செஞ்சதுதான், அதனால சம்மட்டிக்கும் ஈனாக்னே பேரு வச்சுட்டாங்க. பவர்லூம்ல அடிச்ச பார்டரை கைத்தறின்னு சொல்லி விக்கிறானேன்னு நீங்க திண்ணையில உக்காந்து கத்துவீங்களே, அப்ப உங்க கையில ஒரு ஈனாக் இருந்திருந்தா அவ்ளோதான்.

சாயம் பத்தி அம்மாவுக்கு சொல்லணும். வெங்காயத் தோலை தூக்கிப் போடாம சேக்குறேன், அரை மூட்டை இருக்கு. கம்பளிய படிகாரத்துல ஊற வச்சு, 100 கிராமுக்கு 10லேர்ந்து 15 கிராம் படிகாரம், அப்புறம் தோல் வேக வச்ச தண்ணியில போட்டா அப்படியே சாமந்திப்பூ. சிவப்புக்கு மஞ்சிட்டி மாதிரியே இங்க ஒரு வேரு, அதைக் கொதிக்க விடக்கூடாது, 70 டிகிரிக்கு மேல போனா செவப்பு போயி செங்கல் கலராயிடும். நீங்க குடுத்து விட்ட பெரிய சாம்பார் குண்டான் இப்ப சாயக் குண்டான், திட்டாதீங்கம்மா. போன மாசம் ஒரு தப்பு பண்ணேன். கொதிக்கிற தண்ணியிலேர்ந்து எடுத்து நேரா குழாய்த் தண்ணியில காட்டிட்டேன், அரை கிலோ நூலும் கட்டிப் போயி மாட்டுக்குப் போடுற வைக்கோல் பிரி மாதிரி ஆயிடுச்சு. பட்டு மன்னிக்கும், கம்பளி மன்னிக்காது. அந்த நூல் என்ன விலைன்னு கேக்காதீங்க.

எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிய போன்ல ஒரு தடவை காட்டினேனே, வெள்ளை முடி, எப்பவும் ஏப்ரன். கதவத் தட்டுறதே கிடையாது, பின்பக்கமா நேரா உள்ள வந்துடும். 15 வயசுல மில்லுக்குப் போச்சாம், மெண்டிங் வேலை. அதாவது நெஞ்சு வந்த துணிய வெளிச்சத்துல விரிச்சுப் போட்டு விரலால தடவியே எங்க முடிச்சு இருக்கு எங்க இழை விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கிறது, முடிச்ச ஒரு சின்ன இடுக்கிய வச்சு எடுத்துட்டு, விட்ட இழைய ஊசியில கோத்து ஓட்டிடணும், ஓட்டினது யாருக்கும் தெரியக்கூடாது. ஹட்டர்ஸ்ஃபீல்ட் கோட்டுத் துணி ஒசத்தின்னு உலகம் பூரா பேரு, ஊர் பேரையே துணி ஓரத்துல நெஞ்சு விடுவாங்க, அதுல பாதி பேரு இவங்க விரலாலதான். இப்ப மில்லு கொஞ்சம்தான் ஓடுது. பாட்டிக்கு கண்ணு மங்கல், ஆனா விரல் இன்னமும் வேலை செய்யுது. என் துணிய எடுத்தா முன்பக்கம் பாக்கவே பாக்காது. திருப்பிப் போட்டுட்டு தடவும். தடவி, நாக்க சப்புக் கொட்டும். ஒரு நாள் மூணு இடத்துல விரலை வச்சு காட்டிட்டுப் போயிடுச்சு, ஒரு வார்த்தை பேசல. பாத்தா மூணுமே நான் தூக்கம் இல்லாம நெஞ்ச இடம். பாட்டி, பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரங்க மாதிரி பாக்குறாங்கன்னு இவர் சொல்லி சிரிக்கிறார்.

பாட்டி கொண்டாந்து குடுக்குறது ரூபார்ப். செவப்பா செலரி தண்டு மாதிரி, வாயில வச்சா புளிச்சகீரைக்கு அக்கா. இந்த மாசத்துல வெளிச்சமே இல்லாத கொட்டாயில வளத்து மெழுகுவத்தி வெளிச்சத்துல அறுப்பாங்களாம், வேக்ஃபீல்ட் பக்கம். உரம் என்ன தெரியுமா, கம்பளி மில்லு கழிவு! பாட்டி சர்க்கரை போட்டு வேக வச்சு கஸ்டர்ட் ஊத்தி சாப்பிடும், நான் நல்லெண்ணெய் ஊத்தி மொளகாத்தூள் பெருங்காயம் போட்டு தொக்கு பண்ணிட்டேன், மோர் சாதத்துக்கு அருமை, ஒரு வாரமா அதுதான் ஓடுது. இலைய மட்டும் வாயில வைக்கக் கூடாது, விஷம், ஆனா சாயம் ஒட்டுறதுக்கு அந்த இலைய வேக வச்ச தண்ணி ஆகும். பாட்டிக்கு ஒரு ஸ்பூன் தொக்கு குடுத்தேன், கண்ணுல தண்ணி வந்து, அப்புறம் அடுத்த நாள் காலி பாட்டிலோட வந்து நின்னுச்சு.

இவர் நல்லா இருக்கார். கொஞ்ச நாளா வீட்டுலதான், ப்ராஜெக்ட் மாறுது, புதுசு வர்ற வரைக்கும் இப்படித்தான், இந்த ஊர்ல இது சகஜம். மாமியார் கிட்ட இதை சொல்ல வேணாம், அவங்க ஊரெல்லாம் சொல்லிடுவாங்க. அம்மா, போட்டோவுல கையில வளையல் இல்லன்னு கேட்டீங்களாமே, சாய வேலைக்கு கழட்டி வச்சதுதான், பத்திரமா இருக்கு. நானும் மாசம் ரெண்டு சனிக்கிழமை லைப்ரரியில கிளாஸ் எடுக்குறேன், ஒம்பது பேர் வர்றாங்க, எல்லாரும் ரிட்டயர் ஆனவங்க. ஹாலிஃபாக்ஸ்ல பீஸ் ஹால்னு ஒண்ணு, 1779ல கட்டினது, நடுவுல பெரிய முத்தம், சுத்தி 315 ரூம். அந்தக் காலத்துல வீட்டுல நெஞ்சவங்க முப்பது கெஜத் துணிய தோள்ல போட்டுட்டு சனிக்கிழமை காலையில வந்து விப்பாங்களாம், அந்த ஒரு துணிக்குத்தான் பீஸ்னு பேரு. முத்தத்துல நின்னப்போ நீங்க நெசவாளர் சொசைட்டி வாசல்ல மடியில புடவைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது ஞாபகம் வந்துச்சு, நான் ஸ்கூல் யூனிஃபார்ம்ல பக்கத்துல.

இப்ப நெய்யுறது ஆயா புடவையிலேர்ந்து பிரிச்ச ஜரிகை. வந்தப்பவே பெட்டியில போட்டு கொண்டாந்தேன், அந்த மாம்பழக் கலர், மடிப்புல எல்லாம் விட்டுப்போயி கட்ட முடியாதது. வெள்ளிக்கு பழைய பட்டுப்புடவை எடுக்கிறவன் வந்தப்போ ஆயா குடுக்காம வச்சிருந்துச்சே, அதுதான். இழை இழையா உருவ ரெண்டு மாசம் ஆச்சு, வெள்ளிக்கு உள்ள இன்னமும் செவப்புப் பட்டு அப்படியே இருக்கு. உடல் கம்பளி, ரெண்டு பக்கமும் ஜரிகை பார்டர், நடுவுல உடலையும் பார்டரையும் இழைக்கு இழை கோத்துச் சேக்குற கோர்வை. ஆமாப்பா, கோர்வைதான். கம்பளியில கோர்வை யாரு போடுவான்னு நினைப்பீங்க, எனக்கும் தெரியல, ஆசை. 24 இஞ்ச்ல ஒரு ஆளே, குறுக்கு நூல் ஓட்டுற மூணு நாடாவையும் ஓட்டிடலாம், நேரம்தான் ஆகும். இவரை ஒரு நாள் எதிர்பக்கம் உக்கார வச்சேன், பதினஞ்சாவது இழைக்கு தூங்கிட்டார். பாட்டிய கேட்டேன். நான் மெண்டர், நெசவுக்கெல்லாம் உக்கார மாட்டேன்னு மூஞ்சிய திருப்பிக்கிச்சு, மெண்டர்னா மில்லுல ஒரு படி மேலயாம். நீங்க பாவுக்கு முடிச்சுப் போடுற ஆள தறியில உக்கார சொன்னா என்ன ஆகும், அதே கதை.

புதன்கிழமை பாவு நூல் சிலும்புதுன்னு அரிசிக் கஞ்சி காச்சி வடிகட்டி பிரஷ்ல தடவினேன். அந்த வாசனை வந்துச்சு பாருங்க. நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தெரு நீளத்துக்கு பாவு விரிச்சு, இன்னும் விடியல, நீங்க அந்தக் கோடியில இருக்கீங்க, அம்மா தார் சுத்துற ராட்டை சத்தம் உள்ளேருந்து வருது, பால்காரன் சைக்கிள இறங்கித் தள்ளிட்டுப் போறான் பாவுல படக்கூடாதுன்னு, என்னை நீங்க நடுவுல நிக்க வச்சு அறுந்த இழைய எடுத்துக் குடுன்னு சொல்றீங்க. பிரஷ்ஷ வச்சுட்டு மாடிப்படியில உக்காந்துட்டேன். எவ்ளோ நேரம்னு தெரியல. கஞ்சி காஞ்சு பிரஷ் கல்லு மாதிரி ஆயிடுச்சு. சரி விடுங்க, மழை நாள்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். தறிக்குழிய மூடி தளம் போட்டு அந்த இடத்த போர்ஷனா வாடகைக்கு விடுறதா எழுதியிருக்கீங்க. முட்டி வலி, ஒவ்வொரு மழைக்கும் குழியில தண்ணி ஊறுது, சொசைட்டியில பாவு சரியா வர்றதில்ல, எல்லாம் எனக்குத் தெரியும், தப்பு சொல்லல. ஆனா இப்ப மூட வேணாம்ப்பா. பலகை போட்டு மேல பாய் விரிச்சுக்கோங்க, அச்சையும் விழுதையும் பரண்ல போடுங்க, யாருக்கும் குடுத்துடாதீங்க. வாடகை எவ்ளோ வரும், 5000 தான? ஏப்ரல்லேர்ந்து அதை நான் அனுப்புறேன். மார்ச் முடியாது, இங்க கணக்கு வருஷம் முடியுற நேரம், ஏப்ரல்னு வச்சுக்கோங்க.

கண் ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க, காப்பீடு கார்டுல வருதான்னு தம்பி போய் நேர்ல கேக்கட்டும், போன்ல கேட்டா ஒருத்தரும் ஒழுங்கா சொல்ல மாட்டாங்க. சின்னவளுக்கு வைகாசியில வச்சா முகூர்த்தப் புடவை கடையில எடுக்க வேணாம், மாமா தறியில சொல்லுங்க, ஒரு பாவுல மூணு புடவை வரும், ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அம்மாவுக்கு, மூணாவத வித்தா கூலிக்கு ஆச்சு. அரக்கு உடல், மயில்கழுத்து பார்டர், முந்திய உடலோட கோத்துச் சேக்குற பெட்னி போடணும், பெட்னி இல்லாம குடுத்தா வாங்காதீங்க. நான் வர்றது டிக்கெட் பாத்துட்டு சொல்றேன், அவகிட்ட இப்பவே வரேன்னு சொல்லிடாதீங்க.

பெரியப்பா வீட்டு பாகத்துக்கு என் கையெழுத்து வேணும்னு எழுதியிருந்தீங்க. எதுல போடுறோம்னு தெரியாம போட மாட்டேன், கோவிச்சுக்க வேணாம்னு பெரியப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க. தம்பி, பத்திரத்த வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பு, போன தடவை மாதிரி முன்பக்கம் மட்டும் அனுப்பாத, ரெண்டு பக்கமும்.

உங்க பொண்ணு