எருசலேம் பயணக் குழுக்களை அனுப்பும் தமிழகத் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர்களுக்கும் ஆயர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம். அரசு மானியம் பெற்றும் சொந்தச் சேமிப்பைச் செலவிட்டும் நம் சபையார் புனித நாட்டுக்குப் போய்வருகிறார்கள். அந்தப் பயணத் திட்டங்களில் பெத்லகேமுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். பிறப்பாலயத்தின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, ஒலிவ மரச் சிலுவை ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறோம். அந்தச் சிலுவையைச் செதுக்கியவர், 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எருசலேமில் ஈஸ்டர் ஆராதனைக்குப் போக இஸ்ரேலிய இராணுவத்தின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியவர் என்பதை அறிந்து திரும்புகிறவர்கள் குறைவு.

பெத்லகேமைப் போலவே இஸ்ரேலின் ஆக்கிரமிப்பிலுள்ள மேற்குக் கரையில், ரமல்லா நகருக்கு வடகிழக்கே தாய்பே என்றொரு கிறிஸ்தவ ஊர் இருக்கிறது. லாசருவை எழுப்பிய பின் இயேசு சீடரோடு தங்கியதாக யோவான் 11-ஆம் அதிகாரம் கூறும் எப்பிராயீம் அதுவே என்பது மரபு. 2025 ஜூலையில் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் பழைய புனித ஜார்ஜ் ஆலய இடிபாடுகளுக்கும் அருகே தீ வைக்கப்பட்டது. வைத்தவர்கள் மேற்குக் கரையில் குடியிருப்புகள் அமைத்து வாழும் யூதக் குடியேறிகள் என்று ஊராரும் குருக்களும் குற்றம்சாட்டினர். ஜூலை 14 அன்று கிரேக்க, இலத்தீன் சபைகளின் பிதாப்பிதாக்கள் வெளிநாட்டுத் தூதர்களுடன் அங்கே நேரில் சென்றனர். மூன்றே நாளில், காசாவின் ஒரே கத்தோலிக்க ஆலயமான திருக்குடும்ப ஆலயத்தின்மீது இஸ்ரேலியப் படையின் குண்டு விழுந்து மூவர் இறந்தனர்.

பாதிக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அண்டையிலுள்ள முஸ்லிம் கிராமங்கள் படும் பாடு இதனினும் பெரிது. வாதி அஸ்-ஸீக்கில் ஆடு மேய்த்துப் பிழைத்த பெதூயின் குடும்பங்கள் 2023 அக்டோபரில் ஊரோடு விரட்டப்பட்டன. அம்மாதம் 7-ஆம் தேதி ஹமாஸ் நடத்திய படுகொலையை எந்த விசுவாசியும் நியாயப்படுத்த முடியாது; அதைக் காட்டி இந்த இடையர்களை விரட்டியதையும் நியாயப்படுத்த முடியாது.

'எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்ற சங்கீத வரி, நம் மேடைகள் பலவற்றில், 1948-இல் உருவான ஓர் அரசின் ஒவ்வொரு இராணுவ நடவடிக்கைக்கும் சொல்லும் ஆமென் ஆகிவிட்டது. அந்த ஆண்டில்தான் கலிலேயாவின் இக்ரித் ஊர்க் கிறிஸ்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் திரும்பலாம் என்று 1951-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தும், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வேளையில் இராணுவம் அவர்களுடைய வீடுகளைத் தகர்த்தது. ஆலயத்தை மட்டும் விட்டுவைத்தது. இந்த வரலாறு நம் பிரசங்கங்களில் ஏன் வருவதே இல்லை?

2009 டிசம்பரில் பெத்லகேமில் வெளியான கைரோஸ் பாலஸ்தீன அறிக்கையில், அந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் உலகச் சபைகளை 'வந்து பாருங்கள்' என்று அழைத்தார்கள். நிலைமை இடம்கொடுக்கும்போது, ஒவ்வொரு குழுவும் பெத்லகேமில் உள்ளூரார் நடத்தும் விடுதியில் இரண்டு இரவாவது தங்கி, ஞாயிறு ஆராதனையில் அச்சபையாரோடு அமர்ந்து, அவர்களுடைய போதகர் சொல்வதைக் கேட்டுவரும்படி பயணத் திட்டத்தை மாற்றுங்கள். ஒலிவ அறுவடைக் காலமான அக்டோபரில், தோப்புக்குப் போகவே அஞ்சும் குடும்பங்களோடு நின்று காய் பறிக்க நம் இளைஞர் சிலரை அனுப்புங்கள். குடியேறிகளின் வன்முறை குறித்து இஸ்ரேலிடம் வெளிப்படையாகப் பேசும்படி இந்திய அரசுக்குக் கூட்டாக ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை எல்லாச் சபைகளிலும் வாசிக்கச் செய்யுங்கள். அடுத்த குழுவுக்கான விண்ணப்பங்களைப் பெறத் தொடங்குமுன் உங்கள் முடிவைச் சபையாருக்கு அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்