செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025: செங்கோட்டை வட்டாரச் சிறு வணிகர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அண்ணாச்சிமார்களே, கடை நடத்தும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களைச் சங்கத்தின் சார்பில் நேரில் கண்டு வந்தோம். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது. உறுப்பினர்களின் தொழில் பத்திரங்களை வக்கீல்கள் துணையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். நம் உறுப்பினர் ஒருவர், மைத்துனரோடு கூட்டாக நடத்திய மரக்கடையிலிருந்து முன்பே விலகியவர். பெரியவர்கள் முன்னிலையில் கணக்குத் தீர்த்துத்தான் பிரிந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடை வாங்கிய சரக்குக்கும் அவர் பெயரைச் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகியதற்குப் பொது அறிவிப்புத் தர வேண்டும். பதிவான நிறுவனமென்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் வரும் ஒரு தமிழ் நாளிதழிலும் வெளியிட வேண்டும். அதுவரை, அவரைப் பங்குதாரர் என்றே நம்பிச் சரக்கு கொடுத்தவர் முழுப் பாக்கியையும் அவர் ஒருவரிடமே கேட்க முடியும். உறவுக்குள் எதற்குப் பத்திரம் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். உறவு முறியாமல் இருக்கத்தான் பத்திரம்.

அதே சட்டத்தின் 69ஆம் பிரிவையும் மனதில் வையுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காரர் மேல் ஒப்பந்த வழக்குப் போட முடியாது. அந்த நிறுவனத்தின் மேல் மற்றவர் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை.

தனியாளாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு: கடை வேறு, வீடு வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. கடைக் கடனுக்கு வீட்டையும் கேட்கலாம். இதைப் பிரிக்கத்தான் 2008ஆம் ஆண்டுச் சட்டம், பங்காளியின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கூட்டாண்மையையும் (எல்.எல்.பி.), 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நபர் நிறுவனத்தையும் தந்தன. ஆனால் அப்படிப் பதிவு செய்துவிட்டு வங்கியில் சொந்த ஜாமீன் கையெழுத்தும் போட்டால், அந்தக் கடன் அளவுக்குப் பாதுகாப்பு போய்விடும். ஜாமீன் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. இன்றும் நம் வியாபாரம் கேரளத்து ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று போகிறது. அங்கே கடை எடுக்கும் நம்மவர் பலருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வாடகைப் பத்திரமோ மலையாளத்தில் இருக்கிறது. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை, காலி செய்யும் தவணை, கட்டடச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது தெரியாமலே கையெழுத்தாகிறது. வாசிக்கத் தெரிந்தவரை வைத்துத் தமிழில் எழுதி வாங்கிய பிறகே பேனாவை எடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால், கடை இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும்.

புனலூர்க்காரர் தந்த செக் திரும்பினால் கொல்லத்துக்கு அலைய வேண்டும் என்று சிலர் பாக்கியையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். செக் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கில் போட்ட செக் என்றால் நம் வங்கிக் கிளை இருக்கும் எல்லையிலேயே வழக்குப் போடலாம். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக் இல்லாத சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடும் கெடு பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சீட்டு வாங்கினால், அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். சிட்டை நோட்டில் நாம் எழுதி வைத்தது மட்டும் போதாது.

மறுபக்கமும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நம்மிடம் வாங்கிய கொல்லத்துக்காரர் தன் ஊரிலேயே நம் மேல் புகார் தரலாம். பொருளைத் தயாரித்தவர் யாரென்று காட்ட முடியாத விற்பனையாளர் தானே பொறுப்பேற்க நேரும். உணவுப் பொருளுக்கும் இதே நிலைதான். ஆகவே கொள்முதல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டியில் சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது என்பதையும், கேரள எல்லையிலுள்ள புளியரை தாண்டும் முன் நினைவில் வையுங்கள்.

கட்டணம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவிய வக்கீல்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. கூட்டுப் பத்திரம், விலகல் அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் மாதிரிகள் தமிழில் தயார். மலையாள மாதிரி இன்னும் முடியவில்லை. பத்திரம் காட்டாத உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு நகலோடு வருமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்