ஒரே ஒரு பல்சக்கரம் வேண்டுமென்றாலும் வாருங்கள்

வணக்கம். குன்னூரில் எங்கள் லேத் பட்டறைக்கு வருகிற டீ ஃபேக்டரிக்காரர்கள், எஸ்டேட் மெக்கானிக்குகள், தையல் கடைக்காரர்கள் எல்லோரும் மூலையில் இருக்கும் புது மிஷினைக் காட்டி என்ன இது என்று கேட்கிறீர்கள். ஆளாளுக்கு அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அது 3டி பிரின்டர். லேத்தில் கடையும்போது வேண்டாததைக் கழித்துக்கொண்டே போவோம், சாயங்காலம் பார்த்தால் தரையெல்லாம் சீவல். இது நேர் எதிர்: நைலான் இழையை உருக்கி, கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி உருப்படியை எழுப்பும். அச்சே தேவையில்லை. அச்சு வைத்து வார்க்கிற கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுக்கூலி கட்டுப்படியாகும், அதனால்தான் பழைய மிஷினுக்கு ஒரு சக்கரம் கேட்டால் "அந்த மாடல் நின்றுபோச்சு" என்கிறார்கள். எங்களுக்கு ஒன்று செய்வதும் பத்து செய்வதும் உருப்படிக்கு ஏறக்குறைய ஒரே செலவுதான்.

பெரிய இடங்களில் உலோகத்தூளை லேசரால் உருக்கி இதையே செய்கிறார்கள். 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ 665 விநாடி ஓட்டிப் பார்த்த பி.எஸ்.4 எஞ்சின் (பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது அடுக்கில் இருப்பது) அப்படிப் பிறந்ததுதான். முன்பு 14 பாகங்களைச் சேர்த்துச் செய்தது ஒரே பாகமாகி, 19 இடத்தில் வெல்டிங்கே வேண்டாமல் போனது. வெல்டிங் விட்டுப்போவதால் எத்தனை மிஷின் நம்மிடம் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்!

போன மழைக்கு ஒரு ஃபேக்டரியில் சலிக்கிற மிஷினின் கியர் பல் உடைந்தது. பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால் கோயம்புத்தூரிலிருந்து எதுவும் வரவில்லை. உடைந்ததை வெர்னியரில் அளந்து, கணினியில் வரைந்து, ராத்திரி பிரின்டரில் போட்டோம். முதல் சக்கரம் குமிழ் குமிழாக வந்து பாழாகிவிட்டது. நைலான் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர் மூடுபனி சொல்லவே வேண்டாம். இப்போது இழையைக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துத்தான் எடுக்கிறோம். இரண்டாவது சக்கரம் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது ஆகாது. தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலர் எஃகுதான், அது லேத்துக்கே வரட்டும். டிரையர் சூட்டுக்கு அருகே இருக்கும் பாகம் செய்யமாட்டோம். தேயிலையைத் தொடுகிற பாகமும் வேண்டாம், அடுக்குகளுக்கு இடையே உள்ள வரிகளில் தூசு தங்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது, குடிக்கிற பொருள் அல்லவா. வார்ப்பிரும்பு பாகம் என்றால் மணலில் பதித்து அச்சு எடுக்கிற மாதிரியை மட்டும் மரத்தில் செய்வதற்குப் பதிலாக இங்கே பிரின்ட் செய்து, இரும்பு ஆறும்போது சுருங்குகிற நூற்றுக்கு ஒரு பங்கைச் சேர்த்து, ஃபவுண்டரிக்கு அனுப்புகிறோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சின்னச் சில்லு உட்பட எல்லாவற்றையும், அது சேரும் தண்டோடும் எதிர்ச்சக்கரத்தோடும் கொண்டு வாருங்கள், அளவு எடுக்க அதுதான் எங்களுக்கு வேண்டும்.